முடிவில் திருப்பம் வைத்தால் த்ரில்லர் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த த்ரில்லர் பற்றிய அறிமுகக் கட்டுரையையும், அதே பக்கத்தின் அடியில் இருந்த த்ரில்லர் சிறுகதைப் போட்டி அறிவிப்பையும் சேர்த்தே படித்தோம். கட்டுரை மூன்று விஷயங்களை அடித்துச் சொல்கிறது. ஒரு குற்றம் நடக்க வேண்டும், செய்தவர் யார் என்பது கடைசிவரை தெரியக்கூடாது, அதுதான் த்ரில்லர் என்பது ஒன்று. 1841-இல் எட்கர் ஆலன் போ எழுதிய துப்பறியும் கதையோடு இந்த வகை பிறந்தது என்பது இரண்டு. கடைசிப் பக்கத் திருப்பமே அதன் உயிர் என்பது மூன்று. மூன்றிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. கட்டுரையோடு போயிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். 'முடிவு யாரும் எதிர்பாராததாக இருக்க வேண்டும்' என்று போட்டியின் மூன்றாவது விதியாகவே அது ஏறிவிட்டது. எழுத உட்காருகிற பலரை அது தவறான திசையில் அனுப்பிவிடுமே என்றுதான் இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டது, இடம் கொடுங்கள்.

துப்பறியும் கதையில் கொலை பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மிச்சப் பக்கமெல்லாம் நடந்ததைத் தோண்டிப் பார்க்கும் வேலை. இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1966-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். துப்பறியும் நாவலுக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன: குற்றத்தின் கதை, விசாரணையின் கதை. முதலாவது முடிந்த இடத்தில்தான் இரண்டாவது தொடங்குகிறது. அதனால்தான் துப்பறிபவர் மேல் ஒரு கீறல்கூட விழுவதில்லை. அவர் பத்திரமாக இருப்பார் என்பது எழுதாத ஒப்பந்தம். த்ரில்லரில் இந்த இரண்டு கதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. குற்றம் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது, அல்லது இனிமேல் நடக்கப்போகிறது. நாயகன் கடைசி அத்தியாயம்வரை தாக்குப்பிடிப்பானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. முன்னதில் வாசகர் விளைவிலிருந்து காரணத்தைத் தேடிப் பின்னால் போகிறார், 'யார் செய்தது' என்ற ஆர்வத்தோடு. பின்னதில் காரணம் தெரிந்துவிட்டது. 'ஐயோ, என்ன ஆகப்போகிறதோ' என்ற பதைப்போடு விளைவை நோக்கி முன்னால் போகிறார்.

ஆகவே ரகசியம் இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. வில்லன் யார், எங்கே இருக்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று அத்தனையையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டும் முழு நாவலை நகர்த்தலாம்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் சொன்ன மேசை வெடிகுண்டு உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். அதிலுள்ள கணக்கைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. இப்போது அதே காட்சியைக் கொஞ்சம் மாற்றுங்கள். குண்டு வைப்பதைப் பார்வையாளர் முன்பே பார்த்துவிட்டார். ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் மணி 12.45. இனி அவருக்குக் கிடைப்பது 15 நிமிடப் பதற்றம், அதாவது முன்னதைப்போல் 60 மடங்கு. இத்தனைக்கும் அந்த இரண்டு பேரின் உரையாடலில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. சும்மா ஊர்க்கதை பேசினால்கூட, 'பேச்சை நிறுத்து, எழுந்து ஓடு' என்று கத்தத் தோன்றும். மாறியதெல்லாம், பார்ப்பவருக்கு எது எப்போது தெரியும் என்பது மட்டுமே. திருப்பமே கதையின் உச்சமாக இருந்தாலொழிய பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்பதுதான் அவர் கட்சி. தங்கள் மூன்றாவது விதி அந்த விதிவிலக்கைத் தூக்கி விதியாக்கி வைத்திருக்கிறது.

இதே உத்தி கையைச் சுட்டதையும் ஹிட்ச்காக் ஒளிக்கவில்லை. 1936-இல் அவர் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தில் ஒரு சிறுவன், ஃபிலிம் டப்பாவோடு இருப்பது வெடிகுண்டு என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு நகரத்தைக் கடக்கிறான். 1.45-க்கு வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும். தெருவில் பொருள் விற்பவன் ஒருவன் அவனைப் பிடித்து நிறுத்துகிறான், ஊர்வலம் வழியை மறிக்கிறது, பேருந்து ஊர்ந்து போகிறது. முள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் பேருந்திலேயே குண்டு வெடித்துச் சிறுவன் சாகிறான். அதைப் பெரிய தவறு என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் சிறுவன்மேல் பரிவை ஏற்றிவிட்டு அவனைக் கொன்றதும் பார்வையாளர்களுக்கு வந்தது கோபம். பதற்றத்தை ஏற்றினால் அதை இறக்கிவைக்கவும் வேண்டும். அந்தச் சிறுவன் கடைசி நொடியில் தப்பியிருந்தாலும், குண்டு வேறெங்காவது வெடித்திருந்தாலும் இறங்கியிருக்கும். செத்தே ஆகவேண்டும் என்றால், இத்தனை தெருக்களில் இத்தனை நேரம் அவனோடு நம்மை நடக்கவிட்டிருக்கக் கூடாது.

திகில் கதையையும் கட்டுரை இதோடு சேர்த்துக் குழப்புகிறது. ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியை எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1826-இல் வெளிவந்த கட்டுரையில் அச்சத்தையும் அருவருப்பு கலந்த பீதியையும் அவர் பிரித்துவைத்தார். முன்னது மனதை விரியவைத்துப் புலன்களைக் கூர்மையாக்குகிறது, பின்னது சுருக்கி உறையவைக்கிறது. த்ரில்லர் வாழ்வது முன்னதில். கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்பதுவரை த்ரில்லர்; கதவு திறந்து ரத்தக் குளத்தைக் காட்டுகிற நிமிடத்தில் அது வேறு கடைக்குப் போய்விடுகிறது.

இனி பிறப்பு. போவுக்கு வெகுகாலம் முன்பே, ஆயிரத்தொரு இரவுகளில் மூன்று ஆப்பிள்களின் கதை இருக்கிறது. டைகிரிஸ் ஆற்றில் மீனவன் வலையில் பூட்டிய பெட்டி ஒன்று சிக்குகிறது. கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் முன்னிலையில் அதைத் திறந்தால், உள்ளே வெட்டுண்ட இளம்பெண்ணின் உடல். கலீஃபா தன் அமைச்சர் ஜாஃபரைப் பார்த்து, மூன்று நாளில் கொலையாளியைக் கொண்டுவா, இல்லையேல் தூக்கு உனக்கு என்கிறார். துப்பறியும் கதையாக இருந்தால் ஜாஃபர் பெட்டியின் பூட்டையும் கயிற்றையும் ஆராய்ந்திருப்பார். ஜாஃபரோ வீட்டுக்குப் போய் மூன்று நாளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! ஒரு துப்புகூடத் துலக்குவதில்லை. தூக்குமேடைவரை போன பிறகு ஓர் இளைஞனும் ஒரு கிழவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நான்தான் கொன்றேன் என்று ஆளுக்காள் சொல்கிறார்கள். அது தீர்ந்தால் இன்னொரு கெடு: கொலைக்கு மூலகாரணமான அடிமையைப் பிடிக்க மறுபடி மூன்று நாள். மறுபடி அவர் வீட்டில் உட்காருகிறார். பிள்ளைகளிடம் விடைபெறும்போது கடைசி மகளின் பையில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் ஆப்பிள். அதை அவளுக்குக் கொடுத்தவன் அந்த வீட்டு அடிமையே.

துப்பறியும் கதையின் அளவுகோலில் இது படுமோசமான கதை, விசாரணையே கிடையாது. த்ரில்லராகப் பார்த்தால் எலும்புக்கூடு முழுசாக இருக்கிறது: கெடு, உயிர்ப்பணயம், கெடு முடிந்ததும் அதைவிட மோசமான இன்னொரு கெடு. அரசன் தன்னைக் கொன்றுவிடாமலிருக்க இரவுதோறும் கதை சொல்கிறவள் ஷாஹ்ரசாத்; இந்தக் கதையும் அவள் சொல்வதே. அவள் கழுத்தின் மேலும் விடியற்காலை என்ற கெடு தொங்கிக்கொண்டிருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நவீன வடிவத்துக்கு வேர் தேடுகிறவர்கள் 1794-க்குப் போகவேண்டும். வில்லியம் காட்வின் என்ற ஆங்கிலச் சிந்தனையாளர் அந்த ஆண்டில் 'கேலப் வில்லியம்ஸ்' என்ற மூன்று பாக நாவலை வெளியிட்டார். எசமானின் கொலை ரகசியத்தைத் தெரிந்துகொண்ட ஓர் ஊழியனை அந்த எசமானே நாடெங்கும் விரட்டுவதுதான் கதை. இதை எப்படி எழுதினார் என்பதை 1832-இல் ஒரு முன்னுரையில் அவரே விளக்கினார். எழுதப் பழகுகிறவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய செய்முறை அது. முதலில் அவர் யோசித்தது மூன்றாம் பாகத்தை: ஒருவன் ஓடிக்கொண்டே இருக்கிறான், இன்னொருவன் அவனை நிம்மதியாக மூச்சுவிடக்கூட விடாமல் துரத்துகிறான். அடுத்து, இப்படி வெறிகொண்டு துரத்த என்ன காரணம் இருக்கமுடியும் என்று கேட்டு இரண்டாம் பாகத்தை உண்டாக்கினார்: மறைக்கப்பட்ட ஒரு கொலை, அதை மோப்பம் பிடிக்கும் ஊழியன். துரத்துகிறவனுக்குப் பணமும் செல்வாக்கும் நற்பெயரும் இருந்தால்தானே எங்கே போனாலும் கை எட்டும்? அப்படிப்பட்ட ஒருவன் கொலைகாரனாக எப்படி ஆனான் என்பது முதல் பாகம். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு யோசித்து, தொடக்கத்திலிருந்து முடிவுக்கு எழுதினார். முதலில் படர்க்கையில் எழுதத் தொடங்கி, திருப்தி இல்லாமல், ஓடுகிறவனே தன் கதையைச் சொல்வதாகத் தன்மைக்கு மாற்றிக்கொண்டார். துரத்தப்படுகிறவனுக்குத் தெரிந்ததுதான் வாசகருக்கும் தெரியும் என்றான பிறகு, தெருவில் எதிரே வருகிற எவன் வேண்டுமானாலும் ஒற்றனாக இருக்கலாம்.

துரத்தல், பரிவு, பின்னோக்கிய திட்டம் எல்லாம் 1794-லேயே வந்துவிட்டன. அடுத்து வந்தது தவணை முறை. ஆசிரியருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறோம், ஏனென்றால் அதைக் கொடுத்தது நாளிதழ்தான். 1836-இல் பாரிஸில் எமில் தெ ஷிரார்தான் 'லா பிரெஸ்' இதழைத் தொடங்கியபோது மற்ற நாளிதழ்களின் ஆண்டுச் சந்தா 80 பிராங்க். அவர் 40 ஆக்கினார். மிச்சத்தை விளம்பரத்தில் ஈடுகட்ட வேண்டும், அதற்கு வாசகர் எண்ணிக்கை வேண்டும், வாசகர் நாள்தோறும் வாங்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் பக்கத்தின் அடியில் கோடு போட்டுப் பிரித்த பகுதியில் வந்த தொடர்கதை. 1842 ஜூன் முதல் 1843 அக்டோபர்வரை எழேன் சூ 'பாரிஸ் மர்மங்கள்' தொடரை 'ஷூர்னால் தே தெபா' நாளிதழில் எழுதினார். அடுத்து என்ன ஆகவேண்டும் என்று சொல்லி வாசகர்கள் நூற்றுக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வெற்றியைப் பார்த்து லண்டனில் ஜார்ஜ் ரெயினால்ட்ஸ் 1844-இல் தன் 'லண்டன் மர்மங்களை' வாரத் தவணையில் தொடங்கினார். பிற்பாடு ஆரணி குப்புசாமி முதலியார் தமிழுக்குத் தழுவிக்கொண்டுவந்தது இதே ரெயினால்ட்ஸின் நாவல்களைத்தான். 'தொடரும்' என்ற சொல் நமக்கு வந்து சேர்ந்த பாதைகளில் அதுவும் ஒன்று.

தவணை முறை கதையின் உடம்பையே மாற்றியது. தனிப் புத்தகத்தில் ஓர் உச்சம் போதும். தவணையில் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு கேள்வி திறந்து கிடக்கவேண்டும், அடுத்த பகுதியின் தொடக்கத்தில் அதற்கு விடை வரவேண்டும், அந்த விடையே இன்னொரு கேள்வியாகவும் ஆகவேண்டும். இங்கே சறுக்குகிறவர்கள் ஏராளம். பகுதி முடிவில் கதவு தட்டப்படுகிறது, அடுத்த வாரம் திறந்து பார்த்தால் பால்காரர். ஒரு முறை சிரிக்கலாம். இரண்டாம் முறை வாசகர் அந்த எழுத்தாளரை நம்புவதை நிறுத்திவிடுவார், அதன்பிறகு உண்மையான கொலைகாரனே தட்டினாலும் பதறமாட்டார்.

வில்கி காலின்ஸ் இந்தக் கலையில் கைதேர்ந்தவர். அவருடைய 'தி உமன் இன் ஒய்ட்' சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பர் 26 முதல் 1860 ஆகஸ்ட் 25 வரை 40 தவணைகளாக வந்தது. பல பேர் வாக்குமூலம் கொடுப்பதுபோல் ஆள் மாற்றி ஆள் சொல்லும் கதை. ஒவ்வொருவரும் தாம் நேரில் கண்டதை மட்டும் சொல்வதால், ஒருவர் சொன்னதைக்கொண்டு இன்னொருவருக்கு வரப்போகும் ஆபத்து வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சதியை முறியடிக்கும் ஆதாரம் ஒரு தேதியில் நிற்கிறது: ஒரு பெண் இறந்துவிட்டதாகச் சான்றிதழ் எழுதப்பட்ட நாளுக்குப் பிறகுதான் அவள் லண்டனுக்கே கிளம்பினாள் என்று நிரூபித்தாகவேண்டும். புத்தகம் வெளிவந்ததும் 'தி டைம்ஸ்' விமர்சகர் நாட்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கதையின் மற்ற குறிப்புகளோடு பொருத்தினால் அந்தத் தேதி ஏறக்குறைய இரண்டு வாரம் பிசகுகிறது என்று காட்டிவிட்டார். காலின்ஸ் பின்னால் வந்த பதிப்பில் திருத்தினார். த்ரில்லர் எழுதுகிறவர் மேசையில் நாள்காட்டி ஒன்று இருக்கட்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே இருந்தார் என்று நான்கு நெடுவரிசை போட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் இந்த ஓட்டை விழாது.

இவ்வகை நாவல்களுக்கு அன்று கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. 1863-இல் ஹென்றி மான்செல் என்ற தத்துவப் பேராசிரியர் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களைச் சேர்த்துவைத்து விளாசினார். இவை அறிவோடு பேசாமல் நரம்போடு பேசுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. திட்டுவதாக நினைத்து இந்த வகைக்கு ஒரு நல்ல வரையறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கள் போட்டிக் குழு 1905-இல் எட்கர் வாலஸுக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொள்வது நல்லது. 'தி ஃபோர் ஜஸ்ட் மென்' நாவலைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, அமைச்சர் எப்படிக் கொல்லப்பட்டார் என்று சரியாகச் சொல்வோருக்கு மொத்தம் 500 பவுண்டு பரிசு என்று விளம்பரம் செய்தார். ஒவ்வொரு பரிசும் ஒருவருக்கு மட்டும்தான் என்று விதியில் எழுத மறந்துவிட்டார். சரியான விடைகள் குவிந்தன, வாலஸ் கடனில் மூழ்கினார், நாளிதழ் முதலாளி ஒருவர் பணம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. விதி எழுதுவதில் கவனம் வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புதிர் என்று விற்ற அந்தப் புத்தகத்தை இன்றும் புரட்டவைப்பது புதிர் அல்ல. இந்தச் சட்டத்தைக் கைவிடாவிட்டால் இன்ன நேரத்தில் சாவாய் என்று அமைச்சருக்குக் கெடு வருகிறது, அவரைச் சுற்றி லண்டன் போலீஸ் முழுவதும் நிற்கிறது, நேரம் நெருங்குகிறது. வாலஸின் புத்தகத்துக்குள் இருந்தது ஜாஃபருக்குக் கலீஃபா வைத்த அதே கெடு.

1915-இல் ஜான் புக்கன் 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' மூலம் இதற்கு ஒரு முக்கியமான திருகாணி சேர்த்தார். அப்பாவி ஒருவன் வீட்டில் கொலை விழுகிறது. கொலைகார ஒற்றர்கள் ஒரு பக்கம் துரத்துகிறார்கள், இவன்தான் கொலைகாரன் என்று போலீஸ் இன்னொரு பக்கம் துரத்துகிறது. மூன்று வாரம்போலத் தாக்குப்பிடித்தாக வேண்டும். இந்த இரட்டைத் துரத்தலின் பயன் என்ன? த்ரில்லர் எழுதுகிற எல்லாருக்கும் வருகிற தலைவலி 'நேரே போலீஸுக்குப் போகவேண்டியதுதானே?' என்ற வாசகரின் கேள்வி. புக்கன் அந்தக் கதவை முதல் அத்தியாயத்திலேயே அடைத்துவிட்டார். நாயகன் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் எதுவோ அதை முதலில் அடைக்கவேண்டும். அடைக்காமல் விட்டால் அவன் முட்டாளாகத் தெரிவான், முட்டாளுக்காக யாரும் பதறுவதில்லை.

சினிமா இதையே வெட்டு ஒட்டு வேலையாகச் செய்தது. 1909-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி லோன்லி வில்லா' குறும்படத்தில் வீட்டுக்குள் புகும் திருடர்கள், அறைக்குள் ஒடுங்கும் தாயும் பிள்ளைகளும், தொலைபேசியில் செய்தி கேட்டு ஓடிவரும் தந்தை என்று மூன்று இடங்களும் மாறிமாறி வருகின்றன. நடுவில் தொலைபேசிக் கம்பி அறுக்கப்படுகிறது, தந்தையின் கார் நின்றுபோகிறது. 1913-இல் லோயிஸ் வெபர் தன் 'சஸ்பென்ஸ்' படத்தில் திரையை மூன்று முக்கோணமாகப் பிரித்து, தாய், திருடன், கணவன் மூவரையும் ஒரே நேரத்தில் காட்டினார். நாவல்காரர் பத்தி பிரித்துச் செய்வதும் இதுவே. ஒரே எச்சரிக்கை: காப்பாற்ற வருகிறவர் பக்கத்தை எழுதும்போது நாயகியை நாம் கண்ணால் பார்க்கமுடியாது. அந்த இடைவெளி நீண்டுவிட்டால் பதற்றம் வடிந்துவிடும். உச்சத்தை நெருங்க நெருங்கத் துண்டுகள் சிறுத்துக்கொண்டே வரவேண்டும்.

முடிவு தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு 1971 பதில் சொல்லிவிட்டது. ஃபிரடெரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்', பிரெஞ்சு அதிபர் தெ கோலைக் கொல்ல ஐந்து லட்சம் டாலருக்கு அமர்த்தப்பட்ட கொலையாளியின் கதை. தெ கோல் 1970 நவம்பர் 9 அன்று தம் வீட்டில் இயற்கையாக இறந்தவர் என்பது வாசகர் எல்லாருக்கும் தெரியும். கொலை முயற்சி தோற்றாகவேண்டும். இதைக் காரணம் காட்டியே கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய பதிப்பாளர்கள் உண்டு. புத்தகமோ உலகெங்கும் விற்றது. காரணம், ஃபோர்சைத் முடிவை விற்கவில்லை, செய்முறையை விற்றார். சிறு வயதில் இறந்துபோன ஒருவனின் கல்லறையைக் கண்டுபிடித்து, அவன் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அந்தப் பெயரில் கடவுச்சீட்டு எடுப்பது படிப்படியாக வருகிறது. ஒவ்வொரு படியிலும் அவன் மாட்டக்கூடும், அவனைத் தேடும் காவல் அதிகாரி ஒவ்வொரு படியிலும் ஓர் அடி பிந்துகிறார். வாசகர் மனம் அடுத்த படியில்தான் இருக்கிறது. வரலாற்றுப் பாடம் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

திரைப்படத் தத்துவத்தில் பேர்பெற்ற நோயல் காரல் இதற்கு ஒரு வாய்பாடு தந்திருக்கிறார். நாம் விரும்புகிற நியாயமான முடிவு நடக்க வாய்ப்பு குறைவாகவும், அநியாயமான முடிவு நடக்க வாய்ப்பு அதிகமாகவும் தோன்றும்போது பதற்றம் பிறக்கிறது. எழுதி முடித்த காட்சியைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. நாயகனிடம் துப்பாக்கியும் நான்கு நண்பர்களும் வேகமான வண்டியும் இருந்தால் தராசு அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. துப்பாக்கியைப் பிடுங்குங்கள். பதற்றம் வரவில்லையா, நண்பர்களைப் பிரியுங்கள். இன்னும் வரவில்லையென்றால் கோளாறு வாய்ப்பில் இல்லை, நியாயத்தில்: அவன் தப்பவேண்டும் என்று நமக்கே தோன்றவில்லை. அப்போது திருத்தவேண்டியது உச்சக் காட்சியை அல்ல, அவனை நமக்கு முதன்முதலில் காட்டிய பக்கத்தை. தராசை மறுபக்கம் அளவுக்கு மீறிச் சாய்த்தாலும் கெட்டுப்போகும். தப்பவே வழியில்லை என்று உறுதியாகிவிட்டால் பதற்றம் போய்த் துக்கம் வந்துவிடும். மெல்லிய ஒரு வழி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

தங்கள் போட்டி 2,000 சொல் சிறுகதைக்கு. அந்த அளவுக்கு எங்கள் கணக்கைச் சொல்கிறோம். இது கைப்பழக்கம்தான், சட்டம் கிடையாது. முதல் 200 சொல்லுக்குள் யாருக்கு என்ன ஆபத்து என்பது வாசகருக்குத் தெரியவேண்டும், பாத்திரத்துக்குத் தெரியவேண்டியதில்லை. 400-க்குள் கெடு: ரயில் புறப்படும் நேரம், மருந்து தீரும் நேரம், கணவன் திரும்பும் நேரம் என்று கடிகாரத்தில் காட்டக்கூடியதாக. பிறகு மூன்று தடைகள் போதும். நான்காவது தடைக்கு 2,000 சொல்லில் இடமில்லை. ஒவ்வொரு தடையும் அதற்கு முன் பாத்திரம் எடுத்த முடிவிலிருந்து முளைக்கவேண்டும். வண்டி பழுதாவது தற்செயல். பெட்ரோல் போட நிறுத்தினால் நேரமாகும் என்று அவளே ஓட்டிவந்ததால் நடுவழியில் நிற்பது கதை. தற்செயல் நாயகியைச் சிக்கவைக்கலாம், காப்பாற்றக் கூடாது. இரண்டாம் தடைக்குப் பிறகு 100 சொல் அளவுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள், தொடர்ந்து உச்சத்திலேயே இருந்தால் வாசகருக்குக் காது அடைத்துவிடும். கெடு முடிந்த பின் 150 சொல்லுக்கு மேல் கதை நீளக்கூடாது. வில்லன் நின்று நிதானமாகத் தன் திட்டத்தை விளக்கும் பத்தி வந்துவிட்டால், அந்த விவரம் முன்னாலேயே வாசகருக்குப் போயிருக்கவேண்டும் என்று பொருள். அதை வெட்டி முன்னால் கொண்டுபோங்கள். பெரும்பாலும் கதையே எழுந்து உட்காரும்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். 'சிக்னல் இல்லை', 'சார்ஜ் தீர்ந்துவிட்டது' என்ற இரண்டு வரிகளையும் நடுவர்கள் இந்தப் போட்டியில் எத்தனை முறை படிக்கப்போகிறார்களோ, நினைத்தாலே பாவமாக இருக்கிறது. கைப்பேசி வேலை செய்யட்டும். அதில் பேசினால் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று வையுங்கள், அது தடையிலிருந்து ஆபத்தாக மாறிவிடும்.

திருப்பமே கூடாது என்பது எங்கள் வாதமல்ல. நல்ல திருப்பம் முன்னால் படித்த பத்து இடங்களுக்குப் புது அர்த்தம் கொடுக்கும். அந்தப் பத்து இடங்களும் திருப்பம் இல்லாமலேயே நின்றிருக்கவேண்டும். கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பது ஊகிக்கக்கூடியதே. எழுதுகிறவர் கடைசி வரிக்காக 1,900 சொல்லில் எல்லாவற்றையும் மறைப்பார். மறைத்தால் வாசகருக்கு எதுவும் தெரியாது, தெரியாவிட்டால் பதற எதுவும் இருக்காது. கடைசியில் 'அவள் விழித்துக்கொண்டாள், எல்லாம் கனவு' என்று வருகிற கதைகள் மூட்டையாக வந்து சேரும்.

ஆகவே மூன்றாவது விதியை எடுத்துவிட்டு, 'ஆபத்து என்ன, கெடு எது என்பவை கதையின் முதல் கால்பகுதிக்குள் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு எதிர்பார்த்ததாகவும் இருக்கலாம், எதிர்பாராததாகவும் இருக்கலாம்' என்று போடும்படி கேட்டுக்கொள்கிறோம். கடைசி நாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வந்தால், ஏற்கெனவே எழுதத் தொடங்கியவர்களுக்கும் மாற்றி எழுத நேரம் கிடைக்கும். அனுப்பிவிட்டவர்கள் கதையைத் திரும்பப் பெற்றுப் புதிதாக அனுப்பலாமா என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கதையும் திரைக்கதையும் கற்பிக்கும் வாசகர்கள் இருவர்